இன்றைய தக்காளி, நாளைய கூறு

வேஸ்டேஜே இல்லாமல் காய்கறிக் கடை நடத்துகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கே கூடைகள் காலியாகி, வேலை முடிந்து பையோடு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது ரகம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். குப்பைக்குப் போகிற தக்காளி கண்ணுக்குத் தெரிகிறது, நாறுகிறது, ஈ மொய்க்கிறது, பார்க்கும்போதே வயிறு எரிகிறது. கேட்டுவிட்டு இல்லை என்றதும் திரும்பிப் போன ஆளின் பணம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை, அதனால் அது நஷ்டமாகவே தோன்றுவதில்லை.

எங்கள் சித்தப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் காய்கறி, பழக்கடை. கொள்முதல் திருச்சி காந்தி மார்க்கெட்டில். கணக்கு வழக்கைப் பார்க்கிறேன் பேர்வழி என்று நான் உள்ளே நுழைந்தபோது, எம்.பி.ஏ.வில் சரக்கு இருப்பு பற்றிப் படித்ததெல்லாம் தலையில் இருந்தது. "மிச்சத்தைக் குறைக்கணும் சித்தப்பா" என்றேன். அவர் எடை போட்டுக்கொண்டே சொன்னார்: "மிச்சமே இல்லன்னா எத்தனை பேரு வெறுங்கையோட போனாங்கன்னு எப்பிடிடா தெரியும்? கொஞ்சம் மிஞ்சணும். எது மிஞ்சலாம், எது மிஞ்சக் கூடாதுன்னு தெரியணும், அவ்வளவுதான்." எம்.பி.ஏ. புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமாக இருப்பது இதுதான்.

எது மிஞ்சலாம் என்பது, அந்தக் காய் எப்படிக் கெடுகிறது என்பதைப் பொறுத்தது. கீரை காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கொண்டே வரும், மத்தியானம் பார்த்தால் பாதி விலை முகம். தக்காளி அப்படியில்லை. இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், அப்புறம் ஒரே ராத்திரியில் பாதிப் பெட்டி கொழகொழவென்று ஆகிவிடும். சின்ன வெங்காயம் காய்ந்து இருக்கும் வரைக்கும் மாதக்கணக்கில் தாங்கும். பெரம்பலூர் பக்கம் விவசாயிகள் வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ஒரு மூட்டை உள்ளே வந்தால் பக்கத்து மூட்டையையும் கூட்டிக்கொண்டு போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற ஊட்டி உருளையில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், ஆனால் கழுவிய உருளைதான் சீக்கிரம் கெடும், வெளிச்சம் பட்டால் பச்சையும் பிடிக்கும். வெள்ளைப் பூசணி ஒரு தனி ஜாதி. தோலில் சாம்பல் பூத்த முற்றிய காய் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆயுத பூஜைக்கு வாங்கியது மிஞ்சினால் யாரும் கவலைப்படுவதில்லை, அடுத்த அமாவாசைக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கப் போய்விடும்.

இதையெல்லாம் சூத்திரமாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1963-இல் கரே, ஷ்ரேடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார்கள். இருப்பு விற்பனையால் மட்டும் குறைவதில்லை, கையில் எவ்வளவு இருக்கிறதோ அதில் ஒரு பங்கு தானாகவும் கரைந்துகொண்டே இருக்கிறது என்பது அதன் சாரம். அப்படியென்றால் நிறைய வாங்கி வைத்தால் நிறையவே கரையும். மொத்தமாக வாங்கினால் வண்டி வாடகை மிச்சம் என்ற வழக்கமான கணக்கு இங்கே பாதி அடிபட்டுப் போகிறது. 1973-இல் கவர்ட், பிலிப் இருவரும் இதைக் கொஞ்சம் மாற்றினார்கள், கரையும் வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, நாளாக ஆகக் கூடலாம் என்று. முதல் மாதிரி எனக்குக் கேரட்டையும் பீன்ஸையும் நினைவுபடுத்துகிறது, இரண்டாவது அச்சு அசல் தக்காளி.

இந்தத் தானாகக் கரைவதால்தான் கம்ப்யூட்டர் காட்டுகிற இருப்பும் கூடையில் இருக்கிற இருப்பும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. பில்லிங் மென்பொருள், வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்து, பதினோரு கிலோ பீன்ஸ் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். தராசில் வைத்தால் பத்தைச் சுற்றித்தான் இருக்கும். யாரும் திருடவில்லை. தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது, சொத்தை எடுத்துப் போட்டாயிற்று, மீதி கொசுறு. கறிவேப்பிலை கொசுறுக்கு எந்த மென்பொருளிலும் கட்டம் இல்லை, ஆனால் அது கொடுக்காமல் இங்கே கடை நடத்த முடியாது.

ஆவியாகிற தண்ணீரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கிலோவில் வாங்கிக் கிலோவில் விற்கிற காயில் எடை குறைந்தால் கடைக்காரர் தலையில் விடியும். கட்டாக வாங்கிக் கட்டாக விற்கிற கீரையில் எடை போனால் யாருக்கும் தெரியாது, ஆனால் முகம் வாடினால் தெரியும். அதனால்தான் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். வெண்டைக்காய்க்கு அதையே செய்தால் மறுநாள் கருப்புப் புள்ளி விழும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான், ஏனென்றால் கையில் பாட்டில் கிடைத்தால் அவர்கள் எல்லாவற்றின் மேலும் தெளித்துவிடுவார்கள்.

சரி, தக்காளிக்கு வருவோம். சும்மா ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன், விலை தினம் மாறும். 14 கிலோ பெட்டி 280 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிலோ 20. கடையில் 30-க்கு விற்கிறோம். வெளியிலிருந்து பார்க்கிறவர் பெட்டிக்கு 140 ரூபாய் லாபம், ஐம்பது சதவீதம், கொள்ளை என்பார். பெட்டியைக் கொட்டினால் அடியில் நசுங்கியது, வெடித்தது என்று ஒரு கிலோ போகும். எடைக்குறைவும் சேர்த்தால் விற்கக் கிடைப்பது பன்னிரண்டரை கிலோ. அதில் ஒன்பது கிலோதான் 30 ரூபாய்க்குப் போகும். மீதி மூன்றரை கிலோ பழுத்துத் தளர்ந்து 15-க்கு இறங்கும். கூட்டினால் 270-ம் 52.50-ம், ஆக 322.50. லாபம் 42.50. வண்டி வாடகை, கூலி, கவர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பழம் காய்கறிகளில் அறுவடையிலும் அதற்குப் பிறகும் ஏற்படுகிற இழப்பு வகைக்கு ஏற்ப 4.58 முதல் 15.88 சதவீதம் வரை என்று கணக்கிட்டிருந்தார்கள். உச்சத்தில் இருந்தது கொய்யா. கொய்யா விற்றவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். காலையில் கல் மாதிரி இருப்பது சாயங்காலம் விரல் பட்டாலே குழிகிறது.

எவ்வளவு வாங்குவது என்பதுதான் தினமும் ராத்திரி வருகிற கேள்வி. இதற்கான பாடத்தைப் புத்தகங்களில் செய்தித்தாள் விற்கிற பையனை வைத்துச் சொல்வார்கள். நாளைக்கு எத்தனை பேப்பர் போகும் என்று தெரியாது, மிஞ்சினால் பழைய பேப்பர் விலை, குறைந்தால் லாபம் போச்சு. நான் கொத்தமல்லியை வைத்துச் சொல்கிறேன். கட்டு 5 ரூபாய்க்கு வாங்கி 15-க்கு விற்கிறோம். ஒரு கட்டு மிஞ்சினால் 5 ரூபாய் போகும், ஒரு கட்டு குறைந்தால் வரவேண்டிய 10 ரூபாய் வராது. பத்தை, பத்தும் ஐந்தும் சேர்ந்த பதினைந்தால் வகுத்தால் மூன்றில் இரண்டு. அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் கொத்தமல்லி மிஞ்சுகிற அளவுக்கு வாங்குவதுதான் சரி. விற்பனை 30 கட்டிலிருந்து 50 கட்டு வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால், மனசு சராசரியாக 40 வாங்கு என்னும், கணக்கு 43 என்கிறது. தினம் 43 வாங்கினால் பெரும்பாலான நாளில் வாடிய கட்டு கொஞ்சம் மாட்டுக்குப் போகும். போகட்டும். அதைத்தான் சித்தப்பா மிஞ்சலாம் என்கிறார்.

இதிலும் ஒன்று விட்டுப்போகிறது. கொத்தமல்லி இல்லை என்றால் வாங்க வந்தவர் கொத்தமல்லியை மட்டும் விட்டுவிட்டுப் போவதில்லை. "பரவால்ல, அங்கயே எல்லாம் வாங்கிக்கிறேன்" என்று எடுத்து வைத்த கத்திரிக்காயையும் திருப்பிக் கொட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார். ஆக ஒரு கட்டு இல்லாததன் விலை 10 அல்ல, 25 என்று வையுங்கள். இப்போது கணக்கு ஆறில் ஐந்து ஆகிவிடுகிறது, வாங்க வேண்டியது 47 கட்டு. பாக்கெட் காளானுக்கு நேர் எதிர். 40-க்கு வாங்கி 50-க்கு விற்கிறோம். மிஞ்சினால் 40 போகும், குறைந்தால் 10 மட்டும். ஐந்து நாளில் நாலு நாள் காளான் தீர்ந்துபோகிற மாதிரிதான் வாங்க வேண்டும். காளான் இல்லையா என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் மன்னிக்க வேண்டும்.

விலை ஏறினால் இந்தக் கணக்கு எப்படிப் புரள்கிறது என்பதை 2023 ஜூலையில் எல்லோரும் பார்த்தோம். தக்காளி கிலோ நூறைத் தாண்டியது, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குக் கொடுத்தது. அந்த விலையில் கடைக்காரர்கள் செழித்தார்கள் என்று ஒரு நினைப்பு பலருக்கு. கிலோவுக்குக் கிடைக்கிற லாபம் பத்து பதினைந்துதான், அது பெரிதாக ஏறுவதில்லை. ஒரு கிலோ கெட்டுப்போனால் போகிற பணம் மட்டும் இருபதிலிருந்து நூறாகிவிட்டது. வாங்குகிறவர்களும் கால் கிலோ, நாலு பழம் என்று இறங்கிவிட்டதால் பெட்டி மெதுவாகக் காலியாகிறது, மெதுவாகக் காலியாவதால் இன்னும் கெடுகிறது. கால் பெட்டி, அரைப் பெட்டி என்று பக்கத்துக் கடைகளோடு பங்கு பிரித்து வாங்குவதுதான் அப்போது புத்தி.

நாளைக்கு எவ்வளவு போகும் என்று கணிக்க, ஸ்ரீரங்கத்தில் எங்களிடம் இருக்கிற கருவி பஞ்சாங்கம். கேலிக்குச் சொல்லவில்லை. ஏகாதசியன்று காய் விற்பனை விழும், உபவாசம். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் வேண்டும், அதுவும் காலையில் சீக்கிரமே வேண்டும், ஏனென்றால் உபவாசத்தை முடித்துச் சாப்பிடுகிற பாரணைக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. அகத்தியை முதல் நாளே வாங்கி வைக்க முடியாது, உதிர்ந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் வைத்திருந்தால் கேட்க ஆளில்லை. கொத்தமல்லி ஒரு நாள் சரக்கு என்றால் அகத்தி மூன்று மணி நேரச் சரக்கு. நெல்லிக்காய், சுண்டைக்காய்க்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிவிடலாம். ஒரே சமையலுக்குப் போகிற மூன்று சரக்குக்கு மூன்று விதமான கொள்முதல்.

அமாவாசையும் இப்படித்தான். தர்ப்பணம் செய்கிற வீடுகளில் அன்று கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் கிடையாது, வெங்காயமும் கிடையாது. வாழைக்காய், அவரை, புடலை, கொத்தவரை, சேப்பங்கிழங்கு, பாகல் என்று நாட்டுக் காய்தான். மொத்த விற்பனை கூடினாலும் கடையில் பாதிக் கூடைகள் தூங்கும். புரட்டாசியில் மகாளய பட்சம் வரும்போது பதினைந்து நாளும் வாழைக்காய்க்கு இழுபறி. இதைத் தெரியாமல், போன மாத விற்பனையின் சராசரியை எடுத்து ஆர்டர் போடு என்று மென்பொருள் சொல்வதைக் கேட்டால், பீன்ஸ் முற்றிக் கயிறாகும், வாழைக்காய் பத்து மணிக்குத் தீர்ந்துவிடும். மென்பொருளில் திதிக்கு ஒரு பத்தி சேர்க்க முடியுமா என்று நான் விற்றவரிடம் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். இப்போது தனியாக ஒரு நோட்டு போட்டு, தேதிக்குப் பக்கத்தில் திதி, கிழமை, மழையா வெயிலா என்று எழுதி வைக்கிறேன். மென்பொருளைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது.

வாங்கியதை எந்த வரிசையில் விற்பது? முதலில் வந்தது முதலில் போக வேண்டும், இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, வாங்குகிறவரைத் தவிர. அவருக்குக் கடைசியாக வந்ததுதான் முதலில் வேண்டும். நேற்றைய வெண்டையை மேலே வைத்துப் புதிதை அடியில் வைத்தால் கையை விட்டு அடியிலிருந்து எடுக்கிறார்கள், எடுக்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள், ஒடித்ததைத் திரும்பக் கூடையிலேயே போடுகிறார்கள். முனை ஒடிந்த வெண்டைக்காயை அடுத்து வருகிறவர் தொடமாட்டார். தக்காளியை அமுக்கிப் பார்க்கிற விரல்கள் எத்தனை பெட்டியைக் கெடுத்திருக்கின்றன என்று யாராவது ஆய்வு செய்யலாம். கோபித்துக்கொள்ளவும் முடியாது, நானும் என் வீட்டுக்கு வாங்கும்போது அதைத்தான் செய்கிறேன்.

பழசையும் புதுசையும் கலந்து வைப்பது பல கடைகளில் நடக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை, நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரமாகவே அது தப்பு. கலந்த கூடையைப் பார்க்கிறவர் அதில் இருக்கிற மோசமான காயை வைத்துத்தான் கூடைக்கே விலை மதிக்கிறார். அழுகலிலிருந்து நல்லதற்கும் பூஞ்சை பரவும். பிரித்து வைத்தால் புதுசு முழு விலைக்குப் போகும், பழசு கூறாகப் போகும்.

கூறு கட்டி விற்பதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதியதில்லை என்பது எனக்குக் குறை. பெரிய கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி முப்பது சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். நம் சந்தைகளில் அந்த வேலையைக் கூறு எப்போதிலிருந்தோ செய்துகொண்டிருக்கிறது. கூறு 20 ரூபாய் என்றால் எடை கிடையாது, பொறுக்குவது கிடையாது, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விலை மாறுவதே இல்லை. நேரம் ஆக ஆகக் கூறு பெரிதாகும், அவ்வளவுதான். ஏழு மணிக்கு வந்த ஆளுக்கும் ஒன்பது மணிக்கு வந்த ஆளுக்கும் ஒரே 20 ரூபாய், காய்தான் கூட. விலையைக் குறைத்தால் காலையில் 30-க்கு வாங்கியவர் சண்டைக்கு வருவார். கூறு பெருத்ததற்கு யாரும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எப்போது கூறுக்கு மாற்றுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. பெரும்பாலோர் தாமதமாக மாற்றுகிறார்கள், தக்காளி தளர்ந்த பிறகு. அப்போது கூறுக்கும் ஆள் கிடைக்காது. இன்னும் ஒரு நாள் தாங்கும் என்கிற நிலையில், வாங்கிப் போகிறவர் வீட்டில் இரண்டு வேளை சமைக்க முடிகிற நிலையில் மாற்ற வேண்டும். சித்தப்பா பழுத்த தக்காளியை ராத்திரிக்குக் காத்திருக்காமல் மத்தியானமே பிரித்து மெஸ்காரருக்குப் போன் போட்டுவிடுவார். சட்னிக்கு அவருக்குப் பழுத்ததுதான் வேண்டும். அவருக்கு அது இரண்டாம் தரமே இல்லை.

வாழைப்பழம் இந்த எல்லாக் கணக்கையும் தலைகீழாக்குகிற சரக்கு. தார் வரும்போது பச்சையாக, விற்க முடியாததாக வருகிறது. நாளாக ஆக மதிப்பு ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, அப்புறம் விழுகிறது. அந்த உச்சி ஒவ்வொரு தாருக்கும் வேறு நாளில் வர வேண்டும், எல்லாத் தாரும் ஒன்றாகப் பழுத்தால் தீர்ந்தது கதை. முந்தி புகை போட்டுப் பழுக்க வைப்பார்கள். இப்போது எத்திலீன் வாயு வைத்த அறைகள் இருக்கின்றன, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கார்பைடு கல்லுக்குத் தடை, அது மேல் தோலை மஞ்சளாக்குமே தவிர உள்ளே சரியாகப் பழமாக்காது. ரஸ்தாளியில் இன்னொரு தொல்லை. நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து பழம் தானாகக் கழன்று விழும். ருசியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் உதிரிப் பழத்துக்கு உதிரி விலைதான். பூவன் அப்படி விழாது, அதனால் கடைக்காரர்களுக்குப் பூவன் மேல் தனிப் பாசம்.

குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு: ஓரளவுதான். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் காய்கள் சுவாசிக்கிற வேகம் இரண்டு மூன்று மடங்காகும், திருச்சி கத்திரி வெயிலில் அது என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கேரட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி குளிரை விரும்பும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருக்கும், தக்காளியும் கத்திரியும் வெண்டையும் வெள்ளரியும் அந்தக் குளிரைத் தாங்காமல் புள்ளி விழுந்து நீர்விடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் பாதிக்கு நல்லது, பாதிக்குக் கேடு, கரண்ட் பில் நமக்கு. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எண்பதுகளில் உருவாக்கிய, இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈர மணல் நிரப்பிய தொட்டி ஒன்று உண்டு, கரண்ட் இல்லாமலே குளிரும். வறண்ட காற்று இருக்கிற ஊரில் பிரமாதமாக வேலை செய்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம், அங்கே அவ்வளவு பலன் இருக்காது. எங்களுக்கு இப்போதைக்கு ஈரச் சாக்கும், தினமும் விடியற்காலையில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து எடுக்கிற ஒரு குட்டியானை வண்டியும்தான். தினம் வாங்கினால் வாடகை அதிகம், ஆனால் ஒரு நாள் சரக்குக்கு மேல் தேங்காது, தப்பாகக் கணித்தாலும் ஒரு நாள் அளவுக்குத்தான் தப்பும்.

இந்த வகையில் வருஷத்துக்கு ஒரு பெரிய பரீட்சை பொங்கல். கரும்பு மிஞ்சினால் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் வரைக்கும் கொஞ்சம் போகும். மஞ்சள் கொத்து போகாது, பானையில் கட்டியாகிவிட்டால் அப்புறம் யாருக்கு வேண்டும்? போகியன்று ராத்திரி பத்து மணிக்கே விலையை இறக்கலாமா, விடியும் வரை பிடித்து நிற்கலாமா என்று தெருவில் கடைக்குக் கடை ஒரு கொள்கை. சித்தப்பா பத்து மணிக்கே இறக்கிவிடுவார், ஆனால் பத்து இருபது கொத்தைக் கையோடு உள்ளே எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். முதல் தடவை அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் கனுப்பிடி வைக்க, அதாவது காக்கை குருவிக்கு இலையில் சோறு வைக்க, எங்கள் தெருக்களில் மஞ்சள் இலை தேடுவார்கள். கிழங்கு யாருக்கும் வேண்டாம், இலை மட்டும் போதும். ஐந்து மணிக்குக் கடை திறந்து இலையை உருவி உருவிக் கொடுத்து, ஆறரைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.